தண்ணி ஊத்தினா குறையுமா?

இது ஒரு கணக்குப் பதிவு. ப்ளஸ் டூல கெமிஸ்ட்ரின்னாலே காத தூரம் ஓடினவங்களும் தைரியமா படிக்கலாம். பெருக்கலும் வகுத்தலும் தெரிஞ்சா போதும். கொஞ்சம் நீளம்தான், டீ ஒண்ணு எடுத்துட்டு வந்து உக்காந்துக்குங்க.

ப்ளஸ் டூல சயின்ஸ் குரூப் எடுத்த யாரையாவது பிடிச்சு, 'கெமிஸ்ட்ரி பிராக்டிகல்ல என்ன ஞாபகம் இருக்கு?'ன்னு கேளுங்க. முக்கால்வாசிப் பேர் பிங்க் கலரைச் சொல்லுவாங்க. பியூரெட்ல பொட்டாசியம் பெர்மாங்கனேட், கீழே கூம்புக் குடுவையில ஃபெரஸ் அம்மோனியம் சல்ஃபேட். (எஃப்.ஏ.எஸ்.னு செல்லமா கூப்பிடுவோம்.) சொட்டுச் சொட்டா விட்டுக்கிட்டே வந்தா ஒரு சொட்டுல வெளிர் பிங்க் வந்து நிலைச்சு நிக்கும். ரீடிங் எடுக்கணும். அப்புறம் அந்தப் புகழ்பெற்ற சமன்பாடு: வி1 என்1 = வி2 என்2. பருமன் பெருக்கல் செறிவு, ரெண்டு பக்கமும் சமம்.

இதுல பலபேருக்கு மறந்துபோன சமாச்சாரம் ஒண்ணு இருக்கு. செறிவு கண்டுபிடிச்சதோட அந்தக் கணக்கு முடியாது. நான் படிச்ச காலத்துல கேள்வித்தாளிலேயே கேட்டிருப்பாங்க: கொடுக்கப்பட்ட கரைசல் 750 மில்லியில கரைஞ்சிருக்கிற பெர்மாங்கனேட் எத்தனை கிராம்? அதாவது எவ்வளவு 'கெட்டி'ன்னு சொன்னா பத்தாது, மொத்தம் எவ்வளவுன்னு சொல்லணும். அந்தக் கடைசி வரி இல்லேன்னா மார்க் குறையும்.

பள்ளிக்கூடப் பசங்ககிட்ட நாம வம்படியா கேக்குற அந்தக் கடைசி வரியை, கடலூர் சிப்காட் கழிவுநீர் விஷயத்துல மட்டும் யாரும் கேக்கறதில்லை. இந்தப் பதிவுல நான் சொல்ல வந்தது அவ்வளவுதான். மீதியெல்லாம் விளக்கம்.

முதல்ல சாம்பார்

சாம்பார்ல உப்பு தூக்கலாயிடுச்சு. ஒரு லிட்டர் சாம்பார், அதுல 15 கிராம் உப்புன்னு வைங்க. வீட்டுல என்ன பண்ணுவாங்க? அரை லிட்டர் வெந்நீர் ஊத்தி ஒரு கொதி விடுவாங்க. இப்போ லிட்டருக்கு 10 கிராம். நாக்குக்கு சரியா இருக்கும். ஆனா அந்த ஒன்றரை லிட்டரையும் வீட்டுல உள்ளவங்களே சாப்பிட்டுத் தீர்த்தா, வயித்துக்குள்ள போற உப்பு அதே 15 கிராம்தான். கரண்டிக்கு எவ்வளவுங்கறது குறைஞ்சது, பானைக்கு எவ்வளவுங்கறது குறையலை.

வி1 என்1 = வி2 என்2 சொல்றதும் இதேதான். நம்ம கண்ணு எப்பவும் அந்த என்2ல போய் நிக்குது, 'ஆகா, குறைஞ்சிருச்சு'ன்னு. சமன்பாட்டுல முக்கியமான ஆள் நடுவுல நிக்கிற சமக்குறி. தண்ணி ஊத்தினதால எதுவும் எங்கேயும் காணாமப் போகலைன்னு அது கையை உசத்திச் சொல்லுது.

ஆக, கேள்வி ரெண்டு. எவ்வளவு கெட்டி? மொத்தம் எவ்வளவு? எந்த இடத்துல எந்தக் கேள்வியைக் கேக்கணும்னு தெரியறதுதான் விவரம்.

கெட்டி முக்கியமான இடம்

2015 நவம்பர் வெள்ளம் ஞாபகம் இருக்கும். தமிழ்நாட்டுலயே மோசமா அடி வாங்கின மாவட்டங்கள்ல ஒண்ணு கடலூர். அதுக்கு முன்னாடி 2011 டிசம்பர் 30ல தானே புயல். அதுக்கும் முன்னாடி 2004 சுனாமி. ஒவ்வொரு தடவையும் தண்ணி வடிஞ்சதும் ஊருக்குள்ள வர்ற முதல் மூட்டை அரிசி மூட்டையா இருக்கும், ரெண்டாவது ப்ளீச்சிங் பவுடர்.

இங்கே செறிவுதான் ராஜா. கிருமியைக் கொல்றது தண்ணியில இருக்கிற குளோரினோட கெட்டியும் அது தங்குற நேரமும். பவுடர்ல குளோரின் 25 சதவீதம்னு வைங்க. 1000 லிட்டர் டேங்க்ல லிட்டருக்கு 1 மில்லிகிராம் வேணும்னா மொத்தம் 1 கிராம் குளோரின். 25 சதவீதத்துக்கு 4 கிராம் பவுடர். ஒரு டீஸ்பூன்கூட வராது. நம்மாளுங்க ரெண்டு கையாலயும் அள்ளிப் போடுவாங்க :-)

4 கிராமை வீட்டுல எடை போட முடியாதில்லையா, அதுக்குத்தான் கரைசல். 40 கிராம் பவுடரை ஒரு லிட்டர் தண்ணியில கலக்கி, சுண்ணாம்பு அடியில தங்கினதும் மேல் தெளிவை எடுத்தா, அது ஏறக்குறைய ஒரு சதவீத குளோரின் கரைசல். ஒரு மில்லியில 10 மில்லிகிராம். 1000 லிட்டர் டேங்குக்கு இதுல 100 மில்லி. 15 லிட்டர் குடத்துக்கு ஒன்றரை மில்லி, மருந்துக்கடை சிரிஞ்சுல அளந்துடலாம். ஊத்தி அரை மணி நேரம் விட்டுட்டுத்தான் குடிக்கணும்.

இதுல ரெண்டு கண்ணி இருக்கு. ஒண்ணு, மூட்டையைப் பிரிச்சு வெச்சா பவுடர் வீரியம் இழந்துடும். 25 சதவீதம் பாதியாயிட்டா 4 கிராம் பத்தாது, 8 வேணும். மூட்டை மேல அச்சடிச்ச எண் நாள்பட்ட மூட்டைக்குள்ள இருக்கும்னு நம்பக்கூடாது. ரெண்டாவது, வெள்ளத் தண்ணியில இருக்கிற அழுக்கே குளோரினைத் தின்னுடும். அதனால எவ்வளவு போட்டோம்கறது கணக்கே இல்லை, அரை மணி கழிச்சு மிச்சம் எவ்வளவு இருக்குங்கறதுதான் கணக்கு. குடிநீர்ல லிட்டருக்குக் குறைஞ்சது 0.2 மில்லிகிராம் மிச்சக் குளோரின் இருக்கணும்னு இந்தியத் தர நிர்ணயம் சொல்லுது. சொட்டு மருந்து விட்டு மஞ்சள் நிறம் பாக்குற சின்னப் பெட்டி பஞ்சாயத்து டேங்க் ஆபரேட்டர்கிட்ட இருக்கணும். இருக்கான்னு கேட்டுப் பாருங்க.

மொத்தம் முக்கியமான இடம்

இப்போ வயலுக்கு வாங்க. மருந்துக் கடையில விவசாயி கேக்குற கேள்வி: 'டேங்குக்கு எத்தனை மூடி?' கடைக்காரர் பதில்: 'ஒரு மூடி போடுங்கண்ணே.' முடிஞ்சது ஆலோசனை.

லேபிள்ல ஏக்கருக்கு 200 மில்லின்னு போட்டிருக்குன்னு வைங்க. கைத்தெளிப்பான்ல ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணி செலவானா, 10 லிட்டர் டேங்க் இருபது தடவை ரொப்பணும். டேங்குக்கு 10 மில்லி. சரி. அதே ஆள் பவர் ஸ்பிரேயருக்கு மாறிட்டார். அது புகை மாதிரி அடிக்கும், ஏக்கருக்கு 60 லிட்டரே போதும், ஆறு டேங்க். பழைய பழக்கத்துல டேங்குக்கு 10 மில்லியே போட்டா ஏக்கருக்குப் போறது 60 மில்லிதான். பூச்சி சாகாது. 'மருந்து டூப்ளிகேட்'னு கடைக்காரரைத் திட்டிட்டு இன்னொரு மருந்து வாங்கி அடிப்பார். எதிர்ப்பக்கமும் நடக்கும். பவர் ஸ்பிரேயர் அளவான 33 மில்லியைக் கைத்தெளிப்பான்ல ஊத்தினா ஏக்கருக்கு 660 மில்லி. காசு போச்சு, மண்ணும் போச்சு, மூக்கைக் கட்டாம அடிக்கிறவர் உடம்பும் போச்சு.

இங்கே டேங்கோட கெட்டியைப் பாத்தா ஏமாந்துடுவோம். நிலத்துக்குப் போய்ச் சேர்ற மொத்தத்தைப் பாக்கணும்.

இப்போ சிப்காட்

கடலூர்லேர்ந்து சிதம்பரம் பஸ்ல போனவங்களுக்கு நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. முதுநகர் தாண்டினதும் கண்ணை மூடிட்டு இருந்தாலும் மூக்கு சொல்லிடும், சிப்காட் வந்தாச்சுன்னு. 1980கள்ல வந்த ரசாயனத் தொழிற்பேட்டை. ரோட்டுக்கு ஒரு பக்கம் ஆலைகள், அதுக்குப் பின்னாடி உப்பனாறு. ஈச்சங்காடு, குடிகாடு, சங்கொலிகுப்பம், செம்மங்குப்பம், சொன்னஞ்சாவடின்னு சுத்திலும் ஊருங்க. நாம பஸ்ல பத்து நிமிஷம் மூக்கைப் பொத்துவோம். அவங்க அங்கேயே சமைச்சு, சாப்பிட்டு, தூங்குறவங்க. 2025 மே மாசம் குடிகாட்டுல ஒரு சாய ஆலையோட கழிவுநீர்த் தொட்டி வெடிச்சு, தண்ணி வீடுகளுக்குள்ளயே புகுந்தது.

கழிவுநீருக்குச் சட்டம் இருக்கு. 1986 சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகள்ல பொதுத் தர அட்டவணை ஒண்ணு இருக்கு. உதாரணமா சி.ஓ.டி., அதாவது கழிவை முழுசா ஆக்சிஜனேற்றம் செய்ய எவ்வளவு ஆக்சிஜன் தேவைங்கற அளவு. ஆத்துல விட்டாலும் சரி, கடல்ல விட்டாலும் சரி, பொது வரம்பு லிட்டருக்கு 250 மில்லிகிராம். (சுவாரசியமான தகவல்: இந்த சி.ஓ.டி. சோதனையிலயும் கடைசியில பியூரெட்ல நிக்கிறது நம்ம எஃப்.ஏ.எஸ்.தான்!)

ஒரு கற்பனை ஆலை. தினம் ஒரு லட்சம் லிட்டர் கழிவுநீர். சி.ஓ.டி. லிட்டருக்கு 1000 மில்லிகிராம். பெருக்கிப் பாத்தா 100 கிலோ.

வழி ஒண்ணு: சுத்திகரிப்பு நிலையம் கட்டி, கரண்ட் செலவு பண்ணி, நுண்ணுயிரை வளர்த்து 250க்குக் கொண்டுவர்றாங்க. வெளியே போறது 25 கிலோ. 75 கிலோ அளவுக்கான அழுக்கு நிஜமாவே தண்ணியை விட்டுப் போயிடுச்சு.

வழி ரெண்டு: மூணு லட்சம் லிட்டர் போர் தண்ணியைக் கூடக் கலந்துடறாங்க. மொத்தம் நாலு லட்சம் லிட்டர். 100 கிலோவை நாலு லட்சத்தால வகுங்க. லிட்டருக்கு 250 மில்லிகிராம்! ஆத்துக்குப் போறது முழுசா 100 கிலோ. போதாக்குறைக்கு ஊரோட நிலத்தடி நீர் மூணு லட்சம் லிட்டர் காலி.

சாம்பிள் பாட்டில்ல ரெண்டும் ஒண்ணுதான். லேப் ரிப்போர்ட்ல ரெண்டும் பாஸ். இந்த ஆலை அப்படிச் செய்யுது, அந்த ஆலை இப்படிச் செய்யுதுன்னு நான் சொல்லவே இல்லை. லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம்னு மட்டும் பாக்குற கண்ணுக்கு நல்லவனையும் கெட்டவனையும் பிரிச்சுத் தெரியாதுங்கறேன். நேர்மையா செலவு பண்ணி சுத்திகரிக்கிற ஆலைக்காரருக்கும் இது அநியாயம்தானே?

சட்டம் எழுதினவங்களுக்கு இந்தத் தந்திரம் தெரியாதுன்னு நினைக்காதீங்க. மருத்துவக் கழிவை எரிக்கிற உலைகளோட புகைபோக்கிக்கு இருக்கிற விதியைப் பாருங்க. புகையில தூசி இவ்வளவுக்கு மேல கூடாதுன்னு சொல்லிட்டு, அதை 11 சதவீத ஆக்சிஜனுக்குத் திருத்திக் கணக்கிடணும்னு சேர்த்திருக்காங்க. ஏன்? வெளிக்காத்தைக் கலந்து புகையை நீர்க்க வெச்சுட்டு 'பாஸ்'னு சொல்லக்கூடாதுன்னுதான். காத்தைக் கலந்தா ஆக்சிஜன் ஏறும், கணக்கு காட்டிக் கொடுத்துடும். எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளுக்கு 1000 டன் கச்சா எண்ணெய்க்கு இத்தனை கிலோ அழுக்குன்னு எடைக்கணக்கே விதியில வந்திருக்கு. ஆக, வழி தெரியாம இல்லை. எல்லாருக்கும் அதைப் போடலை, அவ்வளவுதான்.

'கடல் பெருசுதானே?'

இந்தக் கேள்வி வரும்னு தெரியும். நியாயமான கேள்விதான். கொஞ்சம் அமிலம், கொஞ்சம் உப்பு, கொஞ்சம் மக்கக்கூடிய கழிவு, இதையெல்லாம் கடல் தாங்கும். கடல் தண்ணியிலேயே லிட்டருக்கு 35 கிராம் உப்பு இருக்கு, நம்ம உப்பு அதுக்கு எம்மாத்திரம்? சிப்காட்லயும் கழிவுநீரைக் குழாய் போட்டுக் கடலுக்குள்ள விடுற ஏற்பாடு இருக்கு.

ஆனா எல்லாப் பொருளும் நீர்த்தபடியே இருக்காது. ஜப்பான்ல மினமாட்டா. வளைகுடாவுக்குள்ள பாதரசக் கழிவை விட்டாங்க. கடல் அதை நீர்க்கத்தான் வெச்சது. பாசி, சின்ன மீன், பெரிய மீன்னு படிப்படியா ஏறி, கரைஞ்சது திரும்பக் கெட்டியாகி மனுஷன் தட்டுக்கு வந்துச்சு. 1956ல நோய் வெளியே தெரிஞ்சது. கை கால் இழுத்து, பேச்சு குழறி, பிறக்கும்போதே பாதிக்கப்பட்ட பிள்ளைங்க வரைக்கும் போச்சு. கடல் தண்ணியை மட்டும் சோதிச்சிருந்தா இந்த விபரீதம் தெரிஞ்சிருக்காது.

இன்னொண்ணு, உப்பனாறு கடல் இல்லை. நீர்க்க வைக்கணும்னா நீர் வேணும். கோடையில இந்தப் பக்கத்து ஆத்து முகத்துவாரங்கள்ல மேலேர்ந்து வர்ற நல்ல தண்ணி சுருங்கிப்போய், கடல் தண்ணி உள்ள ஏறும். ஏத்தத்துல உள்ளே வரும், வத்தத்துல வெளியே போகும். இதைச் சிதம்பரம் பக்கத்து ஆளுங்களுக்குச் சொல்லித் தரணுமா என்ன? பரங்கிப்பேட்டையில வெள்ளாத்து முகத்துவாரத்துலயே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோட கடல் உயிரியல் உயராய்வு மையம் இருக்கு. ஆத்துத் தண்ணியில உப்பு எவ்வளவுன்னு சில்வர் நைட்ரேட்டை வெச்சு டைட்ரேஷன் பண்ற பாரம்பரியம் உள்ள ஊர் நம்ம ஊர். ஏத்த வத்தத்துல ஆடுற தண்ணிக்குள்ள விட்டது நேரா கடலுக்குப் போயிடும்னு எந்த மீனவரும் நம்ப மாட்டார்.

திருப்பூர்க் கதையும் தெரிஞ்சதுதான். சாயப்பட்டறை உப்பு நொய்யலைக் கெடுத்து, 2011 ஜனவரியில சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொன்னது. அங்கே கேட்ட தரம், கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியே விடாமத் திரும்பப் பயன்படுத்தணும்ங்கறது. தண்ணி கலந்து தப்பிக்க அதுல இடமே இல்லை.

என்ன கேக்கலாம்?

புலம்பிட்டுப் போறதுல அர்த்தமில்லை. மூணு விஷயம் கேக்கலாம்.

ஒண்ணு. அபாயகரமான கழிவுகள் வழக்குல 2003 அக்டோபர்ல உச்ச நீதிமன்றம் ஒரு உத்தரவு போட்டது. ஆலை வாசல்ல போர்டு வைக்கணும், என்ன ரசாயனம், கழிவுநீர், புகை எவ்வளவுன்னு எழுதணும்னு. அந்த போர்டுல ஒரே ஒரு வரி கூட எழுதச் சொல்லணும்: 'நேற்று வெளியேறியது: இத்தனை கிலோ.' இதுக்குப் புதுக் கருவி எதுவும் வேண்டாம். பெரிய மாசு ஆலைகள் கழிவுநீரைத் தொடர்ச்சியா அளக்கிற கருவி வைக்கணும்னு 2014லயே மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சொல்லியாச்சு. தண்ணி எவ்வளவு ஓடுதுன்னு ஒரு மீட்டர், எவ்வளவு கெட்டின்னு ஒரு மீட்டர். ரெண்டையும் பெருக்கணும், அவ்வளவுதான். ப்ளஸ் டூ பையன் பண்ற வேலை.

ரெண்டு. ஆலைக்குக் கொடுக்குற அனுமதியிலேயே தினம் எத்தனை ஆயிரம் லிட்டர் வெளியேத்தலாம்னு அளவு இருக்கு. அப்போ அனுமதிச்ச கிலோவும் அதுக்குள்ளயே ஒளிஞ்சிருக்கு. சிப்காட் முழுசுக்கும் அதைக் கூட்டி மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தமிழ்ல வெளியிடட்டும். ஒவ்வொரு ஆலையும் பாஸாகி, மொத்தமா ஆறு ஃபெயிலாகிறது இப்படித்தான் தெரியவரும்.

மூணு, நம்ம வாத்தியாருங்களுக்கு. கடலூர், சிதம்பரம் பள்ளிக்கூட பிராக்டிகல் முடிஞ்சதும் ஒரு கேள்வி சேர்த்துக் கேளுங்க சார்: 'இந்தக் குடுவையில இன்னும் ஒரு லிட்டர் தண்ணி ஊத்தினா உள்ளே எத்தனை கிராம் இருக்கும்?' பாதி வகுப்பு வேற எண்ணைச் சொல்லும், பாருங்களேன். அங்கேர்ந்து உப்பனாத்துக்குப் பாடம் நடத்திடலாம்.

இதெல்லாம் சாதாரண ஜனங்களுக்குப் புரியாதுன்னு யாராவது சொன்னா, அவங்களுக்கு 2004ஐ ஞாபகப்படுத்துங்க. சிப்காட் கிராமத்து ஆளுங்களே சேர்ந்து ஒரு கண்காணிப்புக் குழு அமைச்சாங்க. பிளாஸ்டிக் பக்கெட்டுக்குள்ள பை வெச்சு, நாத்தம் அடிக்கிற நேரத்துல காத்தைப் பிடிச்சு, அமெரிக்க ஆய்வகத்துக்கு அனுப்பினாங்க. இருபதுக்கும் மேல ரசாயனம், புற்றுநோய் உண்டாக்குறது உள்பட, எண்ணோட வந்து நின்னது. அதுவரைக்கும் 'நாத்தம்'னு இருந்த புகார் அன்னிக்கு அளவாச்சு. அளவா வந்த புகாரைத் தட்டிக் கழிக்கிறது அதிகாரிகளுக்கு அவ்வளவு சுலபமில்லை.

அவங்க பக்கெட் தூக்கினாங்க. நாம குறைஞ்சபட்சம் பெருக்கல் கணக்காவது போடலாம். திருப்பூர், வாணியம்பாடி, மணலின்னு அந்தந்த ஊர் நண்பர்கள் உங்க ஊர்க் கணக்கையும் எழுதுங்க. அடுத்த தடவை யாராவது 'எல்லாம் அனுமதிச்ச அளவுக்குள்ளதான் இருக்கு'ன்னு பேட்டி கொடுத்தா, கோபப்படாம ஒரே கேள்வி கேளுங்க: 'சரிங்க, மொத்தம் எத்தனை கிலோ?'

டிஸ்கி: இதைப் படிச்சுட்டு வீட்டுல ஆசிட் பாட்டிலைத் திறந்து நீர்க்க வெச்சுப் பாக்கலாம்னு யாரும் கிளம்பிடாதீங்க. அப்படியே ஆகணும்னா தண்ணியில ஆசிட்டைக் கொஞ்சம் கொஞ்சமா விடணும், ஆசிட்ல தண்ணியை ஊத்தவே கூடாது, சூடேறித் தெறிச்சுடும். ப்ளீச்சிங் பவுடரையும் பாத்ரூம் ஆசிட்டையும் ஒண்ணா கலந்தா குளோரின் வாயு வரும். இந்த ரெண்டு இடத்துலயும் எந்தச் சமன்பாடும் உங்களைக் காப்பாத்தாது.